நோயாளியின் இடது ஷூ

"போதும், எழுந்திருங்க. எனக்கு எல்லாம் தெரியும்" என்றார் கணக்கு சார்.

மாடிப்படித் திருப்பத்தில் கிடந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. வழுக்கைத் தலை சுவரில் சாய்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது. வாய் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு பை கிடந்தது.

"வாயைத் திறந்து வெச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் கொஞ்சம் ஓவர். மத்தபடி நடிப்பு பிரமாதம்."

திறந்த வாய் மூடவில்லை.

கணக்கு சாருக்குச் சிரிப்பு வந்தது. முன்பென்றால் இந்நேரம் கத்தி ஊரையே கூட்டியிருப்பார். அப்படித்தான் முதல் நாள் மானம் போனது.

அந்தச் சமுதாயக் கல்லூரியில் கோடை முகாம் நடந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு மாடியில் கணக்கு விளையாட்டு. பெரிய பிள்ளைகளுக்குக் கீழே மைதானத்தில் முதலுதவிப் பயிற்சி. அதை நடத்தும் நர்ஸம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் யாராவது ஒருவரை வரவழைத்து, கல்லூரிக்குள் எங்கேயாவது மயங்கிக் கிடப்பதுபோல் படுக்க வைத்துவிடுவார். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கிப்போய்க் கட்டுப்போட வேண்டும். கடைசியில் அவர் வந்து மார்க் போடுவார்.

இது தெரியாமல் முதல் நாளே அலறியடித்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டவர் கணக்கு சார். வந்தவர்கள் படுத்திருந்தவரை விட்டுவிட்டு, வெலவெலத்துப் போய் நின்ற கணக்கு சாரைத்தான் வண்டியில் ஏற்றப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் 'ஆம்புலன்ஸ் சார்'. பிரின்சிபால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை வெட்டியா ஒரு ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னா, அதுலயே ஏறி நீங்க வீட்டுக்குப் போயிடலாம். திரும்பி வர வேண்டாம்."

திரும்பி வர வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வேலைதான் அது. தற்காலிகம். இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆபீசர் வருகிறார். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் முகாமோடு சரி.

காலையில் மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். "இன்னைக்கு ஒரு நாள், எதைப் பார்த்தாலும் பதறாதீங்க. அது போதும் எனக்கு."

கணக்கு சார் பதறவில்லை. குனிந்து, படுத்திருந்தவரின் இடது ஷூவைக் கழற்றினார். பேனா முனையால் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். கால் அசையவே இல்லை.

"அடேயப்பா, என்ன கட்டுப்பாடு! சரி, இந்த ஷூ என்கிட்டயே இருக்கட்டும். நடிச்சு முடிச்சதும் மேல வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பெரிய கோட்டையைப் பிடித்தவர்போல் அவரைத் தாண்டிப் படியேறினார்.

மேலே அலுவலக வாசலில் அட்டெண்டர் அக்கா நின்றிருந்தாள்.

"எங்க சார் போனீங்க? ஆபீசர் வந்துட்டாராம். கேட்ல இருந்து வாட்ச்மேன் போன் பண்ணாரு. ஆனா ஆளைத்தான் இன்னும் காணோம்."

"காணோமா? எப்படி இருப்பாராம்?"

"உயரமா, வழுக்கையா, கையில ஒரு பை. காலையில சாப்பிடாம கிளம்பிட்டேன், தலை சுத்துது, காபி கிடைக்குமான்னு கேட்டாராம். மாடிக்குப் போங்கன்னு வாட்ச்மேன் அனுப்பி வெச்சிருக்காரு."

கணக்கு சாரின் காதுக்குள் 'ஙொய்' என்றது.

"அக்கா... அவரு போட்டிருந்த ஷூ என்ன கலராம்?"

"நல்லா இருக்கே! வர்றவங்களை வாட்ச்மேன் முகத்தைப் பார்த்து உள்ள விடுவாரா, காலைப் பார்த்து விடுவாரா? ஏன் சார், உங்களுக்கு முகமெல்லாம் இப்படி வேர்க்குது?"

ஷூவோடு அவர் படியிறங்கி ஓடினார். திருப்பத்தில் யாரும் இல்லை. சுவரில் தலை சாய்ந்திருந்த இடத்தில் லேசாக எண்ணெய்த் தடம் மட்டும் இருந்தது.

போயிட்டாரா? இல்லை, 'போயிட்டாரா'?

மயங்கி விழுந்த மனிதருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. கிச்சுகிச்சு மூட்டியிருக்கிறார். அதுவும் ஆபீசருக்கு!

"கையில என்ன அது?"

நிமிர்ந்தால் பிரின்சிபால். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக நேரமில்லை.

"ஷூ சார்."

"அது தெரியுது. ஒத்தை ஷூவை வெச்சுக்கிட்டு ஏன் படியில நிக்கிறீங்க?"

"பாடத்துக்கு சார். அளவுகள் பாடம். ஷூவாலயே... வகுப்பறையை... அளக்கப் போறோம்."

பிரின்சிபாலின் முகம் மலர்ந்தது. "அட! புதுசா இருக்கே! ஆபீசர் முன்னாடி இதையே பண்ணுங்க. ஷூவை நல்லாத் தூக்கிக் காட்டுங்க. நான் வாசல்ல நின்னு பார்ப்பேன்."

அவர் போன பிறகுதான் கணக்கு சாருக்கு உறைத்தது. ஆபீசர் பிழைத்திருந்தால், அவர் காலில் இருந்து திருடிய ஷூவை அவருக்கே தூக்கிக் காட்ட வேண்டும். பிழைக்காவிட்டால் அது சாட்சிப் பொருள்.

மைதானத்துக்கு ஓடினார். மரத்தடியில் முதலுதவிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்ட்ரெச்சர். அதன்மேல் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளைத் துணி சுற்றிய ஓர் உருவம். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. கணக்கு சாருக்குப் பாதி உயிர் திரும்பியது.

"ஆம்புலன்ஸ் சார் வர்றாரு!" என்றது ஒரு குரல்.

"சும்மா இருடி" என்று அதட்டினாள் ரெட்டை ஜடை போட்ட குழுத் தலைவி. "என்ன சார்?"

"இவரை எங்க இருந்து தூக்கிட்டு வந்தீங்க?"

"மாடிப்படியில இருந்து. செம நடிகர் சார்! தூக்கும்போதுகூடக் கண்ணைத் திறக்கலை. நேத்து வந்தவரு நடுவுல டீ கேட்டாரு."

"கொஞ்சம் கட்டைப் பிரிங்கம்மா. முகத்தைப் பார்க்கணும்."

"அச்சச்சோ! கழுத்தை அசைக்கவே கூடாது சார். மார்க் போயிடும்."

கணக்கு சார் கால் பக்கம் போனார். இரண்டு காலும் தலையணை கனத்துக்குச் சுற்றப்பட்டிருந்தன. உள்ளே ஷூ ஒன்றா, இரண்டா, அந்தத் துணிக்குத்தான் வெளிச்சம். மண்டியிட்டு மூக்கருகே குனிந்தார்.

"ஐயா... நீங்க ஆபீசரா?"

"ம்ம்ம்" என்றது உருவம்.

கணக்கு சாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அவர் எதைக் கேட்டாலும் 'ம்ம்'தான் சொல்வாரு சார். இப்பப் பாருங்க." ரெட்டை ஜடை குனிந்தாள். "நீங்க வாழைப்பழமா?"

"ம்ம்ம்."

வட்டம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. கணக்கு சாரால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"பசி மயக்கமா இருக்கலாம்மா. கொஞ்சம் ஜூஸாவது..."

"மயக்கத்துல இருக்கிறவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இதுகூடத் தெரியாதா சார்?"

"சரி, நர்ஸம்மா எங்கே?"

"மார்க் போடத்தான் வருவாங்க. அதுவரைக்கும் போனை எடுக்க மாட்டாங்க."

கணக்கு சார் மரத்துக்குப் பின்னால் போய்த் தன் போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் பிரின்சிபாலின் குரல் காதில் ஒலித்தது: 'திரும்பி வர வேண்டாம்.' சட்டென்று துண்டித்தார். மறுபடி அழுத்தினார். இந்த முறை மனக்கண்ணில் மனைவி வாசலில் நின்றாள்: 'பதறாதீங்க.' மறுபடி துண்டித்தார். கட்டுக்குள் கிடப்பது நடிகராக இருந்தால் வேலை போகும். ஆபீசராக இருந்தால் எல்லாமே போகும்.

மூன்றாம் முறை அழுத்தப் போகும்போது மாடியிலிருந்து அட்டெண்டர் அக்கா கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"சார்! சீக்கிரம் வாங்க! ஆபீசர் உங்க கிளாஸ்ல உட்கார்ந்துட்டாரு!"

"யாரு?"

"ஆபீசர் சார்! இப்பத்தான் வந்தாரு, நான்தான் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சேன். வாங்க!"

எப்படி மாடியேறினார் என்பது அவருக்கே தெரியாது. வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் ஓர் உயரமான மனிதர். வழுக்கை. மடியில் பை. ஆனால் முகம் வேறு. சந்தேகம் தீராமல், பேனாவைக் கீழே போட்டு எடுப்பதுபோல் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார்.

இரண்டு காலிலும் ஷூ!

உலகத்தில் இவ்வளவு அழகான காட்சியைக் கணக்கு சார் பார்த்ததே இல்லை. அப்படியானால் மரத்தடியில் கட்டுக்குள் 'ம்ம்' சொல்வது வெறும் நடிகர்தான். மறுபடியும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அசிங்கப்பட இருந்தோமே! மனைவி சொன்னது எவ்வளவு சரி!

அந்த நிம்மதியில் அவருக்குள் யாரோ புது ஆள் புகுந்ததுபோல் இருந்தது. ஷூவைத் தலைக்குமேல் தூக்கினார்.

"பசங்களா! இந்த ரூம் எத்தனை ஷூ நீளம் இருக்கும்? யாரு சொல்றா?"

"நூறு!" "ஆயிரம்!" "அது யாரு ஷூ சார்?"

"ஒரு பெரிய நடிகரோட ஷூ!" என்றார் கணக்கு சார். வகுப்பு ஆரவாரித்தது.

பிள்ளைகள் தரையில் தவழ்ந்து ஷூவை வைத்து வைத்து அளந்தார்கள். சுவரை அளந்தார்கள். மேஜையை அளந்தார்கள். ஒரு சுட்டிப் பெண் கணக்கு சாரையே படுக்கச் சொல்லி அளந்தாள். அவரும் மறுக்காமல் படுத்தார். வாசலில் நின்ற பிரின்சிபால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். கடைசி பெஞ்சுக்காரரோ வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை எழுந்திருக்கப் பார்த்தார். கணக்கு சார் பணிவாகக் கையமர்த்தியதும் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். கணக்கு சார் சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு, கைகூப்பியபடி பின்வரிசைக்குப் போனார்.

"ஐயா, பாடம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார். எங்க காலத்துல இப்படிச் சொல்லிக் குடுக்க ஆளே இல்லையே."

கணக்கு சார் கூப்பிய கையை இறக்கவில்லை. "அப்போ... ஐயா மனசு வெச்சா... என் விஷயம்..."

அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு கூச்சத்தோடு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார், பஸ் கிடைக்காம லேட்டாயிடுச்சு, வந்ததும் அந்தம்மா இங்க உட்கார வெச்சுட்டாங்க. நான் நர்ஸம்மா வரச் சொன்ன ஆளு. மயங்கிக் கிடக்கிற மாதிரி நடிக்கணும்னாங்க, எந்தப் படியில சார் படுக்கணும்?"