டங்கக்காவின் செல்போன் யானை

விருத்தாசலத்தில் டங்கக்காவின் விரல் படாத பொருள் எதுவும் கிடையாது. தர்பூசணி, தண்ணீர்க் குடம், கதவு, கடையில் புது டிவி, எதுவானாலும் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்பார். தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தலையையும் தட்டியிருப்பார், அவர் உட்கார்ந்த நாற்காலி எட்டாத தூரத்தில் இருந்ததால் பிழைத்தார்.

தொழில் அப்படி. செராமிக் எஸ்டேட்டில், மின்சார ஃபியூஸ் மாட்டும் பீங்கான் கேரியர் செய்யும் கம்பெனியில் அக்காதான் செக்கிங். சூளையிலிருந்து வந்த சாமான் தட்டும்போது 'டங்' என்றால் பெட்டிக்குப் போகும். 'டொக்' என்றால் உள்ளே கீறல், குப்பைக்குப் போகும். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் தெருச் சங்கத்தில் பழைய செல்போன்களைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புவது என்று முடிவானது. ஒரு அட்டைப் பெட்டி வைத்தால் போதும் என்று வாயைத் திறந்தவன் நான்.

"செராமிக் ஊர்ல இருந்துகிட்டு அட்டப்பெட்டியாங்க? வெளியில சொல்லிடாதீங்க" என்றார் அக்கா.

முதலாளியிடம் கெஞ்சிச் சூளையில் இடம் வாங்கி, யானை உண்டியல் செய்ய ஆரம்பித்தார். பெரிய உருப்படி சூட்டில் வெடிக்கும். யானை மேல் யானையாக வெடித்தது. கடைசியில் ஒன்று தேறியது. ஆட்டுக்குட்டி உயரம், நீல மெருகு, முதுகில் போன் நுழையும் அளவுக்கு ஒரு வாய். தட்டினார், கோயில் மணி மாதிரி 'டங்' என்றது. காலமெல்லாம் கம்பெனிச் சாமானைத் தட்டியவர் அன்றுதான் தன்னுடையதைத் தட்டினார். கண் கலங்கிவிட்டது, அவருக்கு மட்டுமல்ல.

அப்புறம் தெருவே களைகட்டியது. யானையைப் பார்க்கவே பெண்ணாடத்திலிருந்தும் கம்மாபுரத்திலிருந்தும் உறவுக்காரர்கள் பீரோவைக் குடைந்து போன்களோடு வந்தார்கள். அக்கா ஒவ்வொன்றையும் காதருகே வைத்துத் தட்டி, உயிர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்ன பிறகே உள்ளே விட்டார். பேட்டரி உப்பியவற்றுக்கு மட்டும் தனியாக மணல் வாளி. நான் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த போனையும் ஒருநாள் பிடுங்கித் தட்டினார். எதிர்முனையில் என் மாமனார்.

போன்களை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. டிரைவர் யானையைச் சுற்றிவந்து, எந்தப் பக்கம் திறப்பது என்று கேட்டார். எந்தப் பக்கமும் திறக்காது. உண்டியல் என்றால் ஒருநாள் உடைக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், அக்காவுக்கு மட்டும் அந்த நிமிடம்தான் உறைத்தது. நாங்கள் நாலைந்து பேர் தூக்கிக் கவிழ்த்து உலுக்கினோம். ஒரு போன்கூட விழவில்லை. உடைத்துவிடலாம் என்று டிரைவர் சொன்னதும் அக்கா யானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தக் களேபரத்தில்தான் ஆட்டோ செல்வம் வந்தார். மகளைப் பிரசவத்துக்குப் புதுச்சேரியில் சேர்த்திருந்தார்கள், மனைவி துணைக்கு இருந்தார். துணிமணி எடுக்க வந்த மனிதர், போகிற போக்கில் பழைய போனைப் போட்டுவிட்டுப் போகலாமென்று பதற்றத்தில், அக்கா தட்டிப் பார்ப்பதற்குள் புதுப் போனை யானைக்குள் போட்டுவிட்டார். கையில் மிஞ்சியது செத்த போன்.

"ஆபரேசனா இல்லையான்னு சொல்ல இப்ப கூப்புடறன்னாங்க. நம்பரெல்லாம் அதுலதான் இருக்குது" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவியின் நம்பர் அவருக்கு மனப்பாடமில்லை. கேட்டுப் பார்த்தால், எங்களில் ஒருவருக்கும் தத்தம் மனைவியின் நம்பர் தெரியவில்லை.

அப்போது யானையின் வயிற்றுக்குள் நாதஸ்வரம் ஒலித்தது. செல்வத்தின் ரிங்டோன். தெரு மொத்தமும் அக்காவைப் பார்த்தது.

அக்கா மடக்கிய விரலால் யானையின் விலாவைக் கடைசியாக ஒருமுறை தட்டினார். டங். தலையைச் சாய்த்து அது அடங்கும்வரை கேட்டார். பிறகு பக்கத்து வீட்டு அம்மிக் குழவியை வாங்கி, யானையின் நெற்றியில் ஒரே போடு போட்டார்.

நீலச் சில்லுகளுக்கு நடுவில் போன்கள் ஆறாய்ச் சரிந்தன. செல்வம் பாய்ந்து தன்னுடையதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மனைவி பேசுவதற்கு முன்னால் ஒரு குழந்தை வீறிட்டது. ஆபரேஷன் இல்லாமலே பேத்தி பிறந்திருந்தாள். தெருவில் எழும்பிய சத்தத்தில் வண்டி டிரைவரும் சேர்ந்து கைதட்டினார்.

அக்கா எல்லாரையும் கையமர்த்திவிட்டு, போன் பக்கம் தலையைச் சாய்த்து அந்த அழுகையைக் கேட்டார்.

"நல்லா இருக்குது. கீறல் இல்ல" என்றார்.

யானையின் ஒரு காது உடையாமல் தப்பியது. அதை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மேஜையில் போன் அதில்தான் சாய்ந்திருக்கிறது. அக்காவின் நம்பரை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.