வரிசையில் நிற்க அனுமதி

குடிமக்களுக்கு ஓட்டுப் போடுவதில் எந்தச் சிரமமும் இருக்கக் கூடாது என்பதற்காகவே வாக்காளர் வசதித் துறை என்று ஒரு துறை ஏற்படுத்தப்பட்டிருந்தது. துறைக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு சுழல் நாற்காலி, நாற்காலிக்கு ஒரு துண்டு என்று எல்லாம் முறைப்படி அமைந்திருந்தன. அதிகாரி நல்ல மனிதர்தான். வரிசை என்பது நாகரிகத்துக்கு இழுக்கு என்று ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து, எங்கே நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றாலும் அவர் மனம் நொந்துபோகும். அந்தச் சமயத்தில் எல்லா ஊரிலும் அதுதான் மோஸ்தர்: வரிசையில்லா வாக்குச்சாவடி. அதைச் செய்து காட்டுகிற ஊருக்கு விருதும் கேடயமும் உண்டு.

வரிசையை ஒழிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. சாவடியைப் பெரிதாக்கலாம், இல்லையென்றால் வருகிறவர்களைக் குறைக்கலாம். முதல் வழிக்கு நிதி ஒதுக்கப்படவில்லை.

மேட்டுத் தெருவில் வரிசைப் பிரச்சினையே கிடையாது. அவர்களுக்கு நூலகத்தின் கீழ்த்தளத்தில், குளிர்சாதன அறையில் சாவடி. பள்ளத் தெருதான் தலைவலி. அங்கே ஜனம் அதிகம், வீடு சின்னது, ஓட்டுப் போடுகிற ஆசை பெரிது. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் திமுதிமுவென்று வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். போன தேர்தலின்போது, வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். சாவடியை ஆவணக் கட்டடத்தின் நாலாவது மாடிக்கு மாற்றினார்கள். கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அலுவலர்களுக்கு மட்டும் என்று பலகையும் இருந்தது.

அந்தத் தேர்தலில்தான் ஊசியக்கா ஏமாந்தாள். அவள் தையல்காரி, ஆனால் அந்தப் பெயர் தொழிலால் வந்ததா வாயால் வந்ததா என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு. காலையில் மெஷினை மூடி வைத்துவிட்டுப் போனவள், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நிற்கும்போது மணி ஐந்தடித்தது. மேலே கதவைச் சாத்தினார்கள். அவளும், அவளுக்குக் கீழே படிப்படியாக நின்ற பாதித் தெருவும், வந்த வழியே இறங்கினார்கள். பள்ளத் தெரு ஆள் சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்து வந்த நகரசபை, பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நியாயமாகவே கேட்டு, அதை ஒரேயடியாக மூடிவிட்டது. அடுத்த நகரசபை வந்தவுடன் இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டுவதாகத் திட்டம்.

ஊசியக்காவின் மகள் இப்போது பெரிய ரோட்டைத் தாண்டி வேறு பள்ளிக்கூடம் போகிறாள். லாரிகள் போகிற ரோடு. தினமும் காலையில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியக்கா வருவாள். அந்த மாடிக் கதவைச் சாத்திய சத்தம் அவளுக்கு மறக்கவே இல்லை.

தேர்தல் மறுபடி வந்தது. மறுபடியும் அதே நாலாவது மாடி. இந்த முறை வாக்காளர்களின் நலன் கருதிப் புதிய விதிகளையும் ஒட்டியிருந்தார்கள். வரிசையில் நிற்பவர் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அது வரிசை ஆகாது. வரிசையை விட்டு விலகினால் இடம் போய்விடும். வரிசையில் நிற்பவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுத்தால் மனம் மாற வாய்ப்பிருக்கிறது, மனத்தை மாற்றுவது தேர்தல் குற்றம்.

ஊசியக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோரும் நல்லபடியாகப் பேசி, பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம். வீட்டிலேயே அதுதான் நிலைமை. அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவன். பிறந்ததிலிருந்து ஓட்டுப் போட்டதில்லை.

"என் ஒரு ஓட்டுலதான் உலகம் நிக்குதா?" என்றான்.

"நீங்க நிக்கலன்னுதான் அது படுத்துக் கிடக்கு" என்றாள்.

கடைசியில் அவள் தன் தையல் கடை வாசலில் ஏழெட்டுப் பெண்களை நிற்க வைத்துப் பார்த்தாள். உட்காராமல், தண்ணீர் குடிக்காமல், விலகாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அப்போது அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சாலையோடு போன ஒருவர் வரிசையைப் பார்த்தார், நின்றார், பின்னால் சேர்ந்துகொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். சைக்கிளை நிறுத்திவிட்டு மூன்றாவது ஆள். வீடு தேடிப் போய்க் கெஞ்சியபோது வராத ஜனம், வரிசையைக் கண்டதும் தானாக வந்தது.

"முன்னாடி என்ன குடுக்குறாங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?"

"நின்னு பழகுறோம்."

கேட்டவர் யோசித்தார். ஏற்கெனவே கால் மணி நேரம் நின்றாகிவிட்டது. இப்போது போனால் அது வீணாகிவிடும். அப்படியே நின்றார்.

வரிசையின் தலைமாட்டில் ஊசியக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்து சேர்ந்தவர்களிடம் சாவடி எங்கே, எப்போது கிளம்ப வேண்டும், என்ன அத்தாட்சி கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். கூடவே பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொன்னாள். தினமும் சாயங்காலம் இது நடந்தது. எதிர்க்கடை சலூன்காரர் முதல் நாளிலிருந்து முன்னால் நின்றதால், அவர்தான் தலைவர் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார். அவரையே வேட்பாளராக்கினார்கள். வேன்காரன்கூட ஒரு நாள், என்னமோ கொடுக்கிறார்களாக்கும் என்று வந்து, பொண்டாட்டிதான் வரிசையின் தலைமாட்டில் இருக்கிறாள் என்று தெரியாமல் பாதி தூரம் வந்துவிட்டான். அதற்குமேல் திரும்பிப் போவது மரியாதையாக இருக்காது என்று நின்றுவிட்டான்.

விஷயம் வசதி அதிகாரி காதுக்குப் போனது. ஜீப்பில் வந்து இறங்கியவர், தெருமுனை வரைக்கும் நீண்ட வரிசையைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார்.

"என்னம்மா இது?"

"வரிசை சார்."

"எதுக்கு?"

"வரிசையில நிக்கிறதுக்கு."

விருதுக் குழு வரப்போகிற நேரம். மறுநாளே ஆணை வெளியானது. பயிற்சி வரிசைகளும் வரிசைகளே எனத் தெளிவுபடுத்தப்படுகிறது. முன் அனுமதியின்றி எவரும் வரிசையாக நிற்பது தடை செய்யப்படுகிறது. அனுமதி வேண்டுவோர் அலுவலக நேரத்தில் நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும்.

பள்ளத் தெரு சட்டத்துக்குக் கட்டுப்பட்ட தெரு. அடுத்த நாள் காலை மொத்தத் தெருவும் நேரில் விண்ணப்பிக்கப் போனது. போகிற வழியெல்லாம் ஊசியக்கா எச்சரித்துக்கொண்டே வந்தாள்: இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, யாரும் வரிசையாக நின்று தொலைக்காதீர்கள், கேஸ் போட்டுவிடுவார்கள். அதனால் எல்லோரும் வரிசையாக நில்லாமல், ஒரே சமயத்தில், ஒரே வாசலில், மிகுந்த பணிவோடு நுழைந்தார்கள். பூந்தொட்டி உருண்டது. பியூன் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். மேஜை மெதுவாக நகர்ந்து ஜன்னலோரம் போனது. மேஜையோடு அதிகாரியும் போனார். மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் சார் என்று நாலா பக்கமும் குரல்கள் கேட்டன. அதிகாரி எவ்வளவுதான் பொறுப்பார்?

"வரிசையில நில்லுங்க" என்று கத்திவிட்டார்.

ஊசியக்கா மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள்.

"அதை எழுதிக் குடுத்துடுங்க சார். நாளைக்கு எங்க பேர்ல தப்பாயிடக் கூடாது."

மேற்படி நபர்கள் வரிசையில் நிற்குமாறு உத்தரவிடப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கைக்கெட்டிய முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுத்தார். எங்கே, எதுவரைக்கும் என்று எழுதவில்லை. எழுதுகிற நிலையில் அவர் இல்லை. அவ்வளவுதான். பழகின ஜனம் பாருங்கள், கண் சிமிட்டுகிற நேரத்தில் அதிகாரியின் அறையிலிருந்து தாழ்வாரம், படிக்கட்டு, கேட், சாலை என்று நூல் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. சரியாக அந்த நேரத்தில்தான் விருதுக் குழுவின் கார் வந்து நின்றது.

குழுவின் தலைவி கொஞ்சம் கனத்த உடம்புக்காரர். வரிசையில் நின்றவர்களிடம் காரணம் கேட்டார். மாடியில் ஓட்டுப் போட வரிசையில் நிற்பதற்கு, வரிசையில் நின்று பழகுவதற்கு, வரிசையில் நிற்க அனுமதி கேட்டு வரிசையில் நிற்கிறோம் என்று சலூன்காரர் விளக்கினார். தலைவிக்குத் தலை சுற்றியது. அந்த மாடியை நேரில் பார்த்துவிடலாம் என்றார்.

ஆவணக் கட்டடத்துக் காவலாளி நேர்மையானவர். குழுவினர் அந்தக் கட்டடத்து அலுவலர்கள் இல்லையென்பதால் லிஃப்டில் ஏற்ற மறுத்துவிட்டார். படியேறினார்கள். மூன்றாவது மாடியில் தலைவிக்கு மூச்சு வாங்கியது. பொத்தென்று படியில் உட்கார்ந்தார்.

"உக்காரக் கூடாது மேடம்" என்றார் காவலாளி.

தலைவி தண்ணீர் கேட்டார். காவலாளி சுவரில் ஒட்டியிருந்த விதிகளை மரியாதையாகக் கைகாட்டினார்.

அன்று மாலையே விதிகள் திருத்தப்பட்டன. உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், ஐந்து மணிக்கு வரிசையில் எந்தப் படியில் நின்றாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். மாடியை மட்டும் மாற்ற முடியவில்லை. மாடிகள் வேறு துறையின் கீழ் வருகின்றன.

தேர்தலன்று பள்ளத் தெரு மொத்தமும் படியேறியது. முட்டிவலிக்காரர்களை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். வேன்காரன் வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுப் போட்டுவிட்டு, விரலைப் பார்த்துக்கொண்டே இறங்கினான். யாரும் விட்டுப்போய்விடக் கூடாது என்று ஊசியக்கா கடைசி ஆளாக நின்றாள். ஐந்து மணி அடித்தபோது அவள் இரண்டாவது மாடியில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் காவலாளி வந்து நின்றுகொண்டு, "நீங்க போங்கம்மா, கதவு எங்கேயும் போயிடாது" என்றார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. உள்ளே போய், ஊசியில் நூல் கோக்கிற கையால் அழுத்திக் குத்தினாள்.

சலூன்காரர் ஜெயித்தார். பள்ளிக்கூடம் திறந்தது, நிஜமாகவே வெள்ளையும் அடித்தார்கள். இனிப் பள்ளத் தெருவின் சாவடி அங்கேதான் என்று ஆணை வந்தது. வசதி அதிகாரிக்கும் விருது கிடைத்தது. அதற்குள் மோஸ்தர் மாறிவிட்டிருந்தது. வரிசையில்லாச் சாவடி பழசாகி, முன்மாதிரி வரிசை புதுசாகியிருந்தது. அதற்கு நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டாக அவர் உருவாக்கிய வரிசை தேர்ந்தெடுக்கப்பட்டது.

பாராட்டுக் கூட்டத்தில் அதிகாரி ஒரு பிரச்சினையைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நாலாவது மாடியில் வாக்குச்சாவடி என்று பலகை மாட்டியாகிவிட்டது. அரசு அறையைச் சும்மா போட்டு வைப்பது தணிக்கையில் கேள்வியாகும். ஆகவே அடுத்த தேர்தலில் மேட்டுத் தெருக்காரர்களை அங்கே அனுப்பலாம். படியேறுவது அவர்கள் உடம்புக்கும் நல்லது. கவுன்சிலர் சலூன்காரர் ரொம்பப் பொருத்தம் என்று சொல்லிக் கைதட்டினார். பள்ளத் தெரு முழுக்கக் கைதட்டியது. ஊசியக்காவும் தட்டினாள், நன்றாகவே தட்டினாள்.

அடுத்த வாரம் ஒரு காலை கடையைத் திறக்கும்போது வாசலில் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டைகள். முன்னால் மேட்டுத் தெருவின் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கைத்தடியோடு.

"வரிசையில நிக்கக் கத்துக்குடுப்பீங்கன்னு சொன்னாங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஊசியக்கா அவருடைய கைத்தடியைப் பார்த்தாள். பிறகு அன்றைக்குத் தட்டிய தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. உள்ளே போய் ஸ்டூலைக் கொண்டுவந்து மேலாளருக்குப் போட்டாள். சாலையோடு போன இரண்டு மூன்று பேர் வழக்கம்போலப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

அப்போது கவுன்சிலரின் புதுக் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. வரிசையை மேலும் கீழும் பார்த்தார் சலூன்காரர்.

"என்னக்கா இது? இதுக்கெல்லாம் அனுமதி வாங்கினாங்களா?"

"சொல்றேன்" என்றாள் ஊசியக்கா. "இறங்கி, கடைசியில போய் நில்லுங்க."