நான் கேட்டிருக்கக் கூடாத மூன்று மணி நேரம்

நம் குடும்பத்தின் வாயாக விளங்கும் மூத்த அண்ணன் ஸ்வெலிபான்சி அவர்களுக்கு, தம்பி ம்லாமுலி எழுதுவது.

இங்கு நானும் மனைவியும் ஆடுகளும் நலம். உங்கள் நலம் கேட்கப்போவதில்லை. மூன்று மணி நேரம் உங்கள் குரல் என் கைப்பேசியில் இருக்கிறது, குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

போன சனிக்கிழமை என் மகள் நோசிபிவோவுக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசமாக எத்தனை மாடு தருவது என்று பேச வந்தார்களே, பெண்ணைப் பெற்றவன் அந்தப் பேச்சில் உட்காரக் கூடாது என்ற நம் வழக்கப்படி நானும் மரியாதையாக அடுப்படிக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்தேன். போகும்முன் கைப்பேசியைப் பதிவில் போட்டு நம் அப்பா படத்துக்குப் பின்னால் வைத்தேன், அவரும் சாட்சியாக இருக்கட்டும் என்று. அப்பா காதுபட என்ன சொன்னீங்க? "பொண்ணுக்கு அப்பன்னு ஒருத்தன் பேருக்குத்தான். பதினாலு வருசம் தங்கச் சுரங்கத்துல கிடந்தான், வீட்டுக்கு வந்தது ரெண்டு கிறிஸ்மஸ். அவளுக்கு ரோடு தாண்டச் சொல்லிக்கொடுத்தது நான். பொண்ணோட அப்பனுக்கு நீங்க முறையாக் கொடுக்கிற கோட்டு இருக்கே, அதைப் பட்டியல்ல எழுதாதீங்க." சிரிச்சாங்க. அதுல நம்ம பக்கத்து ஆளுங்கதான் ஜாஸ்தி. அதோட கேக்கிறத நிறுத்திட்டேன்.

மானநஷ்ட வழக்குப் போடலாம் என்று வக்கீலம்மாவிடம் போனேன்.

"அந்தப் பேச்சுல நீங்க இருந்தீங்களா?" என்றார்.

"வீடு என்னுது, மேசை என்னுது, மக என்னுது, திட்டு வாங்கினதும் நான்."

"இருந்தீங்களான்னு கேட்டேன்."

"உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன்."

"அப்ப குத்தவாளி நீங்கதான் ஐயா. அந்த ரூமுல பேசினவங்கள்ல யாரு பதிவு பண்ணியிருந்தாலும் தப்பில்ல. வெளிய இருந்தவர் பண்ணினாத்தான் தப்பு. முதல்ல அதை அழிங்க."

ஆக, என்னைப் பற்றிய பேச்சைப் பதிவு செய்ய என்னைத் தவிர எல்லோருக்கும் உரிமை உண்டு. அதனால்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன். பேசினால் நீங்கள் பதிவு செய்துகொள்வீர்கள், அது சட்டப்படி சரியாம்.

டிசம்பர் கல்யாணத்துக்கு நீங்கள் வர வேண்டாம். முன்னோர்கள் உங்களைக் காக்கட்டும், உங்கள் முட்டிவலியை மட்டும் அவர்கள் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
பேருக்கு அப்பன், ம்லாமுலி

பின்குறிப்பு: அழிக்கப் போனபோது மனைவி, "கடைசி வரைக்கும் கேட்டுட்டு அழிங்க, நோசிபிவோ அப்பா" என்றாள். கேட்டேன். எல்லோரும் சாப்பிட எழுந்த பிறகு மாப்பிள்ளையின் மாமாவிடம் தனியாகச் சொல்கிறீர்கள்: "கோட்டு நானே வாங்கி வச்சிட்டேன். உள்ள கம்பளி வச்சது, அவன் இருமல் நல்லாயில்ல. என் கைப்பட்டதுன்னு தெரிஞ்சா போட்டுக்க மாட்டான். நீங்க கொண்டுவந்த மாதிரி போட்டுவிடுங்க."

சட்டப்படி நான் இதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆகவே கேட்கவில்லை. அழித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரமே வந்துவிடுங்கள் அண்ணா. அந்தக் கோட்டைத் தோளில் கொஞ்சம் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். நான் இளைத்துவிட்டேன்.