மரியாதையான சாட்சி

“அடிமைன்னா சொன்னாரு?” என்று அதிகாரி குன்வோர் கேட்டார். கணினியில் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன.

லாட்டிர் ஜூஃப் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கோத்தன்பர்க் நகரில் முப்பது ஆண்டுகள் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள்கூட வண்டியைத் தாமதமாகக் கொண்டுவந்து நிறுத்தியதில்லை என்பது காம்பியாவில் உள்ள அவருடைய உறவினர் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் அந்தப் பார்வைக்கே எழுந்து போயிருப்பார்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் லாண்டிங் கூஜாபி. சாட்சி சொல்ல வந்தவர். இந்தக் குடும்பத்தை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல், “இவங்க எங்க அடிமைங்க” என்று சொல்லிவிட்டார்.

தப்பு முழுவதும் அவர்மேல் இல்லை. ஜூஃப்கள் செரேர் இனம். கூஜாபிகள் ஜோலா இனம். இந்த இரண்டு இனத்தாரும் எங்கே சந்தித்தாலும், அது சாவு வீடாகவே இருந்தாலும், ஒருவரையொருவர் அடிமை, திருடன், தின்னிப்பண்டாரம் என்று திட்டித்தான் ஆகவேண்டும். எங்கள் முன்னோர் ஏற்படுத்திவைத்த உறவு அது. திட்டினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. திட்டாவிட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம்.

இதைச் சுவீடன் நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் எப்படி விளக்குவது?

லாட்டிரின் ஒரே மகள் சிரா இங்கே மருத்துவமனையில் நர்ஸ். இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். அவள் கணவன் பாபுகார் காம்பியாவின் தலைநகர் பான்ஜூலில் குடியிருப்பு அனுமதிக்காகக் காத்துக்கிடக்கிறான். குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் உங்கள் மகன் இங்கே இருப்பான் என்று லாட்டிர் தம் சம்பந்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஜூஃப் குடும்பத்தில் யாரும் கொடுத்த வாக்கை விழுங்கியதில்லை.

அலுவலகமோ, கல்யாணம் உண்மைதானா என்று கேட்டது. படங்களை அனுப்பினார்கள். எல்லாம் மசூதியில் பெரியவர்கள் கூடி நிக்காஹ் முடித்த படங்கள். எங்கள் வழக்கப்படி அங்கே பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலையில்லை. அவர்கள் இல்லாமல் என்ன கல்யாணம் என்று அலுவலகம் திருப்பிக் கேட்டது. மாலை விருந்தில் எடுத்த படங்களை அனுப்பினார்கள். அவற்றில் சிராவின் அத்தைமார்களுடைய தலைப்பாகைகள் மட்டுமே தெரிந்தன. கடைசியில், கல்யாணத்தை நேரில் பார்த்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவரை அழைத்துவரச் சொன்னார்கள். சுவீடன் முழுவதும் தேடினாலும் அப்படிப்பட்டவர் லாண்டிங் ஒருவர்தான்.

வாயைக் கட்டிக்கொள் என்று லாட்டிர் டிராமிலேயே எச்சரித்திருந்தார். லாண்டிங்கும் நெஞ்சில் கைவைத்துச் சம்மதித்திருந்தார்.

“அது பேச்சுவாக்குல வந்துடுச்சும்மா,” என்று லாண்டிங் இப்போது சரிசெய்யப் பார்த்தார். “கல்யாணத்துல நான்தான் முக்கியமான ஆளு. பொண்ணு இருந்த ரூம் வாசல்ல குறுக்கே படுத்துட்டேன். எனக்குப் பணம் வைக்காம இவளை வெளிய விடமாட்டேன்னுட்டேன்.”

“பொண்ணு என்ன பண்ணாங்க?”

“அழுதா,” என்றார் லாண்டிங், பெருமையாக.

குன்வோர் வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார்.

லாட்டிர் குறுக்கிட்டார். வாசலை மறிப்பது வேடிக்கை என்றார். புகுந்த வீட்டுக்குப் போகும் பெண் அழாவிட்டால்தான் ஊர் தப்பாகப் பேசும் என்றார். பணம் கொடுத்தது உண்மைதான், ஆனால் அது பெண்ணுக்கான விலையில்லை, இந்த ஆளை எழுப்புவதற்கான விலை என்றார். அவர் விளக்க விளக்கக் குன்வோரின் விரல்கள் வேகம் பிடித்தன. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

“லாட்டிர், இவரைக் கண்டு உங்களுக்குப் பயம் ஏதாவது இருக்கா? தனியாப் பேசணும்னாலும் பேசலாம்.”

இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதையே லாட்டிர் இத்தனை ஆண்டுகளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவருகிறார். ஆனால் இந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை.

“பயமா? இவனுக்கா? இவன் பாட்டன் எங்க வீட்டுக் கழுதைக்குப் புல்லு வெட்டிப் போட்டவன். இவங்க இனம் பூராவும் எங்களுக்கு அடிமை. வேணும்னா எழுதிக்குங்க.”

குன்வோர் எழுதிக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். காபி நேரம். பூமியே ஆடினாலும் இங்கே காபி நேரம் தள்ளிப்போகாது. இருவரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்.

தாழ்வாரத்தில் லாட்டிர் தம் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். லாண்டிங்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். மாப்பிள்ளை வரலேன்னா அந்தப் பொண்ணு தனியாப் பெத்து தனியா வளக்கணும். சம்பந்தி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

லாண்டிங்குக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

“சரிடா. உனக்காக இல்ல, அந்தப் புள்ளைக்காக. உள்ள போனதும் பாரு, நான் வேற மனுஷன்.”

உண்மையிலேயே வேறு மனிதராகத்தான் உள்ளே போனார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஜூஃப் ஐயா ரொம்பப் பெரிய மனுஷர்,” என்று தொடங்கினார். “உயர்ந்த குடும்பம். ஐயா மேல எனக்கு எப்பவுமே மரியாதை உண்டு.”

குன்வோர் தட்டுவதை நிறுத்தினார். புருவம் நெரிந்தது.

“கல்யாணத்துக்கு நீங்க நிஜமாவே போயிருந்தீங்களா?”

“ஐயா அன்போட கூப்பிட்டாரு. போயிருந்தேன்.”

“பொண்ணும் மாப்பிள்ளையும் ஒண்ணா இருந்ததைப் பாத்தீங்களா?”

“ஐயா வீட்டுப் பிள்ளைங்களை ஏறெடுத்துப் பாக்கற வழக்கம் எனக்கு இல்லீங்க.”

ஒவ்வொரு ‘ஐயா’வும் லாட்டிரின் காதில் காய்ச்சிய எண்ணெயாக இறங்கியது. அந்நியனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். லாட்டிரின் தாயார் இறந்தபோது, ‘இந்தம்மா எனக்கு இன்னொரு வேளை சோறு போடாம எங்கேயும் போகக் கூடாது’ என்று பாடைக்கு முன்னால் படுத்துக்கொண்டு, அழுத கூட்டத்தையே சிரிக்கவைத்தவன் இவன். இவன் வாயால் ஐயாவா?

“ஐயாவோட பெருந்தன்மைக்கு…”

“இன்னொரு தடவை ஐயான்னே, பல்லு இருக்காது,” என்று லாட்டிர் எழுந்துவிட்டார். “அடிமைப் பயலே, கல்யாணத்துல ஆட்டுத் தலையைக் காணோமே, அது யாரு வயித்துல போச்சு?”

லாண்டிங் தொப்பியைத் தூக்கி மறுபடி தலையில் மாட்டினார். முகத்தில் உயிர் வந்தது.

“என் ஆடு, நான் தின்னேன். அடிமைக்கு ஏதுடா ஆடு? உன் மாப்பிள்ளைதான் பக்கத்துல உக்காந்து எனக்கு விசிறிவிட்டான். உன் பொண்ணு அவன் தோள்ல சாஞ்சுக்கிட்டுச் சிரிச்சா. ரெண்டுக்கும் நான்தான் ஒரே தட்டுல சோறு வச்சேன். உனக்கு வைக்கல. வச்சா பானை தாங்குமா?”

“பானையோட தூக்கிட்டுப் போறது உங்க பரம்பரைத் தொழில்…”

அப்போதுதான் லாட்டிருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. குன்வோர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் போயிற்று. சம்பந்திக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று, மகளின் நிம்மதியும் போயிற்று. ஒரு வசவை விழுங்கத் தெரியாத கிழவனால் வந்த வினை. லாட்டிர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். அவமானத்தோடு போனாலும் குனிந்து போகக் கூடாது என்று முதுகை நிமிர்த்தினார்.

“மன்னிச்சிருங்கம்மா. மறுப்புக் கடிதத்தை வீட்டுக்கே அனுப்பிடுங்க.”

“மறுப்பா? எதுக்கு?” என்றார் குன்வோர். “இந்தச் சாட்சி மேல எனக்கு இருந்த ஒரே சந்தேகமும் தீந்துடுச்சு. மாப்பிள்ளைக்கு அனுமதி கொடுக்கலாம்னு நான் எழுதிட்டேன்.”

லாட்டிரின் கை கடைசிப் பொத்தானிலேயே நின்றது. நாங்கள் இவ்வளவு பேசிய பிறகுமா என்று கேட்டார்.

“உங்க பொண்ணைப் போன வாரம் விசாரிச்சப்பவே சொல்லிட்டாங்க,” என்றார் குன்வோர். “சாட்சிக்கு வர்றவரு எங்கப்பாவை மரியாதையாப் பேசினா நம்பாதீங்க, அவரு எங்க கல்யாணத்துக்கு வந்தவரே இல்லைன்னு.”