நாற்காலிக் கையில் ஒரு ஓட்டை

துணி தைத்த நாற்காலியின் கையில் இருந்த ஓட்டைக்குள் மனைவியின் சுண்டுவிரல் நுழைந்தது. வெளியே எடுத்தாள். நுனியில் கரி. அதைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன?"

"ஓட்டை" என்றான். சரியான பதில்தான். ஆனால் எல்லா நேரத்திலும் சரியான பதில் மனிதனைக் காப்பாற்றிவிடுவதில்லை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஒரு காலத்தில் ஊதித் தள்ளியவன். விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்து மாட்டிக்கொண்டான். மறுபடி செய்தான், மறுபடி மாட்டிக்கொண்டான். அதற்கப்புறம் அவள் கத்தவில்லை, அழவில்லை. இன்னொரு தடவை பொய் சொன்னால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று, கடையில் தக்காளி வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரல் அவனை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. அவள்தான் நம்பவில்லை, படிக்கிற நீங்களாவது நம்புங்கள்.

போதாக்குறைக்கு வீட்டில் மாமனார் வேறு இருந்தார். நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து நேராக மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதும் ஆயுசு முழுக்க இருந்த சிகரெட் பழக்கத்தை ஒரே நாளில் உதறிவிட்டவர். அந்த வீட்டில் உத்தமர் என்றால் அவர்தான்.

"அப்பாவால இந்த வயசுல விட முடிஞ்சுது. உங்களுக்கு என்ன கேடு?" என்று மனைவி கேட்டாள்.

தான் பிடிக்கவேயில்லை என்றான் அவன். அப்படியென்றால் ஓட்டை எப்படி வந்தது என்றாள். ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்தான்.

மறுநாள் செய்த முதல் காரியமே அசட்டுத்தனம். அந்த ஓட்டை கண்ணில் பட்டால்தானே அவளுக்குக் கோபம் வருகிறது என்று நாற்காலிக் கையின்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்தால் துண்டிலேயே ஒரு ஓட்டை. மனைவி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக அவனை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். மறைக்கிற அளவுக்கு வந்தாயிற்றா என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் லேசாகப் புகை வாசனை இருப்பது அவனுக்கே தெரிந்தது. காற்று வரட்டும் என்று திரைச்சீலையை ஒதுக்கி, ஜன்னலை விரியத் திறந்து வைத்தான். மிச்ச வாசனைக்கு சென்ட் அடித்தான். தன் வாயிலிருந்துதான் வருகிறதோ என்று அவனுக்கே சந்தேகம் தட்டிவிட, புதினா மிட்டாய் வேறு மெல்ல ஆரம்பித்தான். ஒரு யோக்கியன் எதற்கு சென்ட் அடித்து, ஜன்னலைத் திறந்து, புதினா மெல்ல வேண்டும்? மனைவி இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது. திரைச்சீலையை ஒதுக்கிய பிறகு ஓட்டைகள் கூடினவே தவிரக் குறையவில்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மத்தியானங்களில் கடையில் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். மனைவி வேலைக்குப் போயிருப்பாள். மாமனார் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பார். வேறு ஈ, காக்கை கிடையாது. கால் ஓசை கேட்காமல் வந்த வழியே திரும்பிப் போவான்.

கீழ் வீட்டு அம்மாள் அதையும் பார்த்துவிட்டாள். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா, தினமும் மத்தியானம் பூனை மாதிரி வந்து போகிறாரே என்று மனைவியிடம் அக்கறையாக விசாரித்தாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அன்று மாமனார் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்டயாவது மனசு விட்டுச் சொல்லிருங்க, மாப்ளே. தப்பு பண்றது சகஜம். ஒத்துக்கறதுதான் பெருசு."

"பண்ணாததை எப்படி மாமா ஒத்துக்கறது?"

அவர் பெருமூச்சு விட்டார். நுரையீரல் எப்படிக் கெட்டுப்போகும் என்று வெகுநேரம் விளக்கினார். அவன் அழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள். உள்ளறையில் புடவைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. அவன் கூடத்தின் கோடியில் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை தடவை பொய் சொன்ன வாய்க்கு இப்போது உண்மையைச் சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

அவள் பெட்டியுடன் வெளியே வந்தாள். எதிரே அலமாரித் தட்டில் இருந்த முகம் மழிக்கும் கண்ணாடியில் அது தெரிந்தது. அவள் தலைகீழாக நடந்து வந்தாள். பெட்டியும் தலைகீழாகத் தொங்கியது.

தன் வாழ்க்கைதான் தலைகீழாகிவிட்டதென்று முதலில் நினைத்தான். பிறகு லென்ஸ் தேய்க்கிறவனின் மூளை விழித்துக்கொண்டது.

மாமனாருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். மழிக்கும்போது தாடையைக் கீறிக்கொள்கிறார் என்று அவனே கடையிலிருந்து கொண்டுவந்த குழிக்கண்ணாடி அது. கிட்டே போய்ப் பார்த்தால் முகத்தைப் பெரிதாகக் காட்டும். தள்ளி நின்று பார்த்தால் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். தன்மேல் விழுகிற வெயிலையோ ஒரு புள்ளியில் குவித்துவிடும். கண்ணாடி ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. குவிகிற இடத்தில் நாற்காலி!

"நில்லு, ஒரு நிமிஷம் நில்லு" என்று எழுந்தான்.

மாமனார் கையிலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கினான். ஜன்னல் வழியாக வெயில் கண்ணாடியில் நேராக விழுந்துகொண்டிருந்தது. தாளை நாற்காலிக் கையருகே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினான். அதில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. வட்டம் சுருங்கிச் சுருங்கிப் பொட்டாயிற்று. பொட்டு பழுப்பாகி, கறுத்து, புகைந்து, ஓட்டை விழுந்தது.

மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். ஓட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. நாற்காலியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"அந்தப் புகை வாசனை?"

"துணி கருகின வாசனை."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீங்கள் இத்தனை சொல்லியும் நம்பாமல் போனேனே என்றாள். அவனும் அழுதான். உண்மை பேசி ஜெயிப்பது அவனுக்குப் பழக்கமில்லாத சுகமாக இருந்தது. பெட்டி மறுபடி பரணுக்கு ஏறியது. அந்தச் சனியன் பிடித்த கண்ணாடியை இப்போதே குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

அவன் கண்ணாடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சீட்டியடித்தபடி வாசலுக்கு வந்தான். பின்னாலேயே மாமனாரும் அவசரமாக வந்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் முழங்கையைப் பற்றினார்.

"அதை மட்டும் தூக்கிப் போட்றாதீங்க, மாப்ளே. இனிமே மேகமூட்டமா இருக்கற நாள்ல மட்டும் நான் சிகரெட் பிடிக்காம இருந்துக்கறேன்."