தேவாங்கு வீடு மாறிய கதை

ஒரு காட்டில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு தேவாங்குக்குக் கம்பீரமான முகம் என்று பெயர். காரணம், அந்தக் காட்டில் அணில்களையும் எலிகளையும் ஓர் ஆமையையும் விட்டால் வேறு யாருமில்லை. உருண்டைக் கண்களை விரித்தபடி தேவாங்கு வந்தால், "ஐயா முறைக்கிறாரு, ஒதுங்குடா!" என்று வழிவிடுவார்கள். உண்மையில் அது முறைக்கவில்லை. பயந்துபோய் விழித்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்தே அதே முழிதான்.

அந்த முகத்துக்காகவே ரேஷன் கடை ஆமை தேவாங்கைக் காவலுக்கு வைத்திருந்தது. வரிசையில் யாரும் முந்தக்கூடாது, அவ்வளவுதான் வேலை. கூலி, வயிறு நிறையக் கொய்யாப்பழம். காடே நடுங்கியது. மனைவிக்கும் அதே முகம் என்பதால் அவள் மட்டும் நடுங்கவில்லை.

அப்போது பக்கத்துக் காட்டிலிருந்து சிறுத்தைகள் குடும்பம் குடும்பமாகக் குடிவந்தன. பாவம், யாரையும் கடிக்கவில்லை. ரேஷன் அட்டை வாங்கிக்கொண்டு ஒழுங்காக வரிசையில் நின்றன. கொஞ்ச நாளில் அந்த முகங்கள் எல்லோருக்கும் பழகிப்போயின.

ஒருநாள் ஒரு குட்டி அணில் தேவாங்கைக் காட்டி, "அம்மா, இந்த மாமா ஏன் அழப்போறாரு?" என்று கேட்டது.

வரிசையே திரும்பிப் பார்த்தது. அட, ஆமாம்! அழப்போகிற மூஞ்சிதான். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது?

அடுத்த நிமிடமே ஓர் எலி முந்தியது. அதன் பின்னால் எலியின் மாமனார் முந்தினார்.

ஆமை கூப்பிட்டனுப்பியது. "தம்பி, உன் முகத்துல ஏதோ குறைஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

"அதே முகம்தாங்க ஐயா!"

"இருக்கலாம். பாத்தா அப்படித் தெரியலையே."

தேவாங்கு விடவில்லை. கரியால் மீசை வரைந்து பார்த்தது. அணில்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டன.

கடைசியில் வெட்கத்தை விட்டு, புதிதாகக் காவலுக்கு வந்த சிறுத்தையிடமே போய்க் கேட்டது. "அண்ணே, இப்படி ஒரு முகம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

சிறுத்தை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னது. "யார்கிட்டயும் சொல்லாதப்பா. எங்க காடு முழுக்கப் புலிங்க. தினம் என் கன்னத்தைக் கிள்ளி, 'பூனைக்குட்டி, பால் குடிச்சியா?'ன்னு கேப்பாங்க. பொறுக்க முடியாமத்தான் இங்க வீடு பாத்தேன்."

ஒழுங்கான நீதிக்கதையாக இருந்தால், இந்த இடத்தில் தேவாங்கு முதலை வாயிலிருந்து ஒரு குட்டியைக் காப்பாற்றி, வீரம் மனசில்தான் இருக்கிறது என்று நிரூபித்திருக்க வேண்டும். நம் தேவாங்கு அந்தத் தப்பைச் செய்யவில்லை. அன்று சாயங்காலமே மூட்டை கட்டிக்கொண்டு, மனைவியோடு நத்தைகள் வாழும் ஓடைக்கரைக்குக் குடிபோனது.

அதைப் பார்த்ததும் நத்தைகள் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டன. "யப்பா, என்னா முறைப்பு!"

அங்கிருந்த ரேஷன் கடையில் உடனே காவல் வேலை கிடைத்தது. அந்த வரிசையில் இன்றுவரை ஒரு நத்தைகூட முந்தியதில்லை. எல்லாம் ஐயாவின் முகத்துக்குப் பயந்துதான் என்று ஊரே சொல்கிறது.

நீதி: வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா என்று கேட்காதே. பக்கத்து வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார். உன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்காதே.