மலையேறிய கல்

மழை விட்டதும் கலீலுர் றஹ்மான் பின்புறம் போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கயிறு மறுபடியும் இறுகியிருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிற்றால் கட்டியே வயது போனவர். சுனாமிக்குப் பிறகு கடலைக் கண்டாலே அவருக்கு நடுக்கம். கிண்ணியாக் கடற்கரை வீட்டை விற்றுத்தான் இந்த மலைச்சரிவு வீட்டை வாங்கினார். இனித் திரும்பிப் போக இடமில்லை.

குடிவந்த பிறகுதான் வீட்டுக்கு மேலே யானை படுத்தாற்போல ஒரு பாறை கண்ணில் பட்டது. உருண்டால்? பாறைக்கும் பின்தூணுக்கும் இடையில் ஒரு கப்பல் கயிற்றைச் சற்றே தொய்வாகக் கட்டினார். தொய்வு நிலத்தைத் தொட்டால் கல் வருகிறது, ஓடித் தப்பலாம்.

கயிறோ இறுகிக்கொண்டே போனது. அப்படியென்றால் கல் மலையேறுகிறது.

மனைவி றுக்கியா குர்ஆனின் ஆயத்துல் குர்ஸியை ஓதி நாலு திசையிலும் ஊதினார். "உருளுற கல்லெண்டாலும் பரவாயில்ல. ஏறுற கல்ல ஜின்தான் இழுக்குது."

"வீட்டையும் சேத்து இழுத்தா?"

"நாங்களும் கூடப் போறதுதான்."

றஹ்மான் துறைமுகப் பழக்கத்தில் கயிற்றைத் தளர்த்திவிட்டார். அடுத்த மழையில் அது திரும்பவும் இறுகியது. வீட்டுக்குப் பாரம் ஏற்றினால் ஜின்னுக்கு இழுக்க ஏலாது என்று, சரிவின் கீழ்ப்பக்கம் இருந்த, சமைக்கும் குசினிக்கு மேல் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி நிரப்பினார். அன்றைக்கே சுவரில் வெடிப்பு விழுந்தது. கதவுகள் பூட்ட மறுத்தன. ஜின்னுக்குக் கோபம் வந்துவிட்டதென்றார் றுக்கியா. கோபத்தை அமுக்க றஹ்மான் அதே பக்கம் மணல் மூட்டைகளையும் அடுக்கினார். கயிறு முனகத் தொடங்கியது.

அதன்பிறகு றஹ்மான் அடையாள அட்டையைச் சாரத்து மடியில் முடிந்துகொண்டு, செருப்போடுதான் சாப்பிட்டார்.

கடைசியில் பயம் தாங்காமல், கயிற்றை வெட்டிவிட்டால் ஜின் கல்லோடு போய்விடும் என்று கத்தியை எடுத்தார். கண்ணை மூடி, பிஸ்மில்லாஹ் சொல்லி ஓங்கினார்.

கீழ்வீட்டுச் சுலோஜனா மாதக்கணக்காக எதையோ சொல்ல வாயெடுப்பதும் மரியாதைக்காக விழுங்குவதுமாக இருந்தவர். அவர் மூச்சிரைக்க மேட்டில் ஏறிவந்து கையைப் பிடித்தார்.

"வெட்டாதேங்கோ நானா. கல் நிண்ட இடத்திலதான் நிக்குது. முந்தி நீங்கள் மீன் பொரிச்சா என்ர முற்றத்துக்கு வாசம் மட்டும்தான் வரும்; இப்ப எண்ணெயும் தெறிக்குது."